பூனை கீறிய இடத்தில் காப்பித்தூள் வைக்கலாமா?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எங்களுக்குச் சொந்த ஊர் தேனி மாவட்டம் கூடலூர். ஏலக்காய்த் தோட்ட வேலைக்காகக் கேரளத்தில் அணக்கரைப் பக்கம் லயத்தில் தங்கியிருக்கிறோம். காய் உலர்த்துகிற ஸ்டோரில் எலிக்காக ஒரு பூனை உண்டு. எங்கள் வீட்டிலும் வந்து சோறு தின்னும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் ஏழு வயது மகள் அதைத் தூக்கப் போக, முன்கையில் மூன்று கோடாகக் கீறிவிட்டது. ஒரு கோட்டில் மட்டும் ரத்தம் முத்து முத்தாக வந்தது. அத்தை உடனே காப்பித்தூள் வைத்து அமுக்கினார்கள். பக்கத்து வீட்டு அக்கா சுண்ணாம்பு வை என்றார். விலக்கப் போன என் புறங்கையிலும் ரத்தம் வராமல் ஒரு கோடு விழுந்திருக்கிறது. பழகின பூனைதானே, ஊசி வேண்டுமா? டி.டி. போட்டால் போதாதா? பெண் பிள்ளை, தழும்பு நிற்குமோ என்று கவலையாக இருக்கிறது. பூனையைச் சாக்கில் கட்டி மலைப்பாதையில் விட்டுவிட்டு வருகிறேன் என்கிறார் என் வீட்டுக்காரர். என்ன செய்யட்டும்?
ஒரு வாசகி, அணக்கரை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை காலையில் என் கைக்கு வந்தது. கீறல் பட்டு அதற்குள் நாலு நாள் ஆகியிருந்தது. பத்திரிகையில் பதில் வரட்டும் என்று காத்திருக்கிற விஷயமில்லை இது. அதனால்தான் கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அப்போதே போன் செய்தேன். நீங்களும் அன்றைக்கே ஜீப் பிடித்து மலையிறங்கி, அரசு மருத்துவமனையில் இருவருக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்று, மகளுக்குக் கீறலைச் சுற்றியும் மருந்து செலுத்தினார்கள் என்று ராத்திரி சொன்னீர்கள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. போனில் அரக்கப்பரக்கச் சொன்னதை நிதானமாக எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். இதே சந்தேகத்தோடு இருக்கிற மற்ற தாய்மாருக்கும் உதவட்டும்.

முதலில் காப்பித்தூள். உங்கள் அத்தையை நான் குறை சொல்ல மாட்டேன். பேத்தி கையில் ரத்தத்தைப் பார்த்த பதற்றத்தில், தனக்குத் தெரிந்த மருந்தை ஓடிப்போய் எடுத்து வந்திருக்கிறார். என் அப்பாயியும் அப்படித்தான் செய்தார். எட்டு வயதில் விழுந்து சிராய்த்த என் முழங்காலில் ஒரு கை காப்பித்தூளை அள்ளி அப்பினார். ரத்தம் நின்றது உண்மை. ஆனால் சின்னச் சிராய்ப்பில் ரத்தம் தானாகவே சில நிமிடத்தில் நின்றுவிடும். நாம் தூளுக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிடுகிறோம். தூளோடு சேர்ந்து ஆறிய புண்ணில் துகள்கள் தோலுக்குள்ளேயே தங்கின. பச்சை குத்தியது போல அந்தக் கருநீலப் புள்ளிகள் இன்றும் என் முழங்காலில் இருக்கின்றன. தழும்பைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிற உங்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்: கீறலுக்குள் போட்ட எந்தத் தூளும் தழும்பைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் ஏலக்காட்டுக்குள் போகிறவர்கள் இடுப்புப் பையில் சுண்ணாம்பும் உப்பும் புகையிலையும் வைத்திருப்பார்கள். காலில் ஏறின அட்டை அதைத் தொட்டால் சுருண்டு விழும். கையோடு இருக்கிற பொருளாயிற்றே என்று அதுவே வெட்டுக்கும் கீறலுக்கும் மருந்தாகிவிட்டது. சுண்ணாம்பு காரம் நிறைந்தது. புண்ணில் பட்டால் சதையைச் சுட்டுவிடும். கீறலாக இருந்தது புண்ணாகும். மிளகாய்த்தூள், சூடு வைப்பது, எருக்கம்பால், மூலிகை அரைத்துக் கட்டுவது எதுவும் வேண்டாம். மஞ்சளை மட்டும் ஏன் விலக்குகிறீர்கள் என்று பலர் என்னோடு வாதாடுவார்கள். மஞ்சளுக்கு நல்ல குணங்கள் உண்டுதான். ஆனால் டப்பாவில் திறந்து மூடிக் குழம்புக்கு எடுத்த மஞ்சள்தூள் சுத்தமானதில்லை. அதைவிடப் பெரிய கெடுதல், மேலே அப்பிவிட்டால் கழுவ வேண்டிய கீறலைக் கழுவாமல் விட்டுவிடுவோம்.

கழுவுவதுதான் இதில் பெரிய வைத்தியம். பூனை, நாய், குரங்கு எது கீறினாலும் கடித்தாலும் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில், முழுதாகக் கால் மணி நேரம் கழுவ வேண்டும். கடிகாரம் பார்த்துத்தான் சொல்கிறேன். நாம் ‘நல்லாக் கழுவிட்டேன்’ என்று நினைப்பது பெரும்பாலும் ஒரு நிமிடம்கூட இருக்காது. குளிக்கிற சோப்பு, துணி சோப்பு எதுவானாலும் சரி. லயத்தில் குழாய் இல்லை, டிரம் தண்ணீர்தான் என்றால் ஒருவர் சொம்பில் ஊற்றிக்கொண்டே இருக்க, இன்னொருவர் நுரை போட்டுத் தேயுங்கள். கீறலைப் பிரஷ் வைத்துச் சுரண்ட வேண்டாம், விரலால் மெல்லத் தேய்த்தால் போதும். பிள்ளை எரிகிறது என்று அழும். மடியில் உட்காரவைத்து, ஏதாவது கதை சொல்லிக்கொண்டே கழுவுங்கள்.

சோப்புக்கு அப்படி என்ன சக்தி என்று கேட்பீர்கள். வெறிநோய்க் கிருமியின் மேல் உறை கொழுப்பால் ஆனது. எண்ணெய்ச் சட்டியின் பிசுக்கு சோப்பில் கரைகிற மாதிரி அந்த உறையும் கரைந்து கிருமி செயலிழக்கும். உள்ளே போன கிருமி உடனே மூளைக்கு ஓடிவிடுவதில்லை. கொஞ்ச காலம் காயத்தின் பக்கத்திலேயே இருந்து, பிறகு நரம்பு வழியாக ஏறும். அதனால் கழுவுகிற ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் சேரும். உங்களைப் போல முதலில் கழுவாமல் விட்டவர்கள், நாள் கடந்துவிட்டதே என்று இருந்துவிடாமல், நினைவு வந்த உடனே கழுவ வேண்டும். உங்களைப் போனிலேயே காப்பித்தூளை ஊறவைத்து நீக்கிக் கழுவச் சொன்னது அதற்காகத்தான்.

கழுவி முடித்ததும் பீட்டாடின் போன்ற அயோடின் மருந்தைத் தடவலாம். தண்ணீர் கலக்காத டெட்டாலை ஊற்ற வேண்டாம், தோல் வெந்துவிடும். மருத்துவர் பார்க்கும்வரை இறுக்கிக் கட்டவும் கூடாது.

இனி ஊசி. ‘பழகின பூனைதானே’ என்று எழுதியிருந்தீர்கள். அந்த வார்த்தைதான் என்னை உடனே போனை எடுக்கவைத்தது. நம் நாட்டில் வெறிநோய் பெரும்பாலும் நாயால் வருகிறது, பூனையால் வருவது குறைவு. ஆனால் குறைவு என்பதை நம்பிப் பிள்ளையை வைத்துக்கொண்டு இருக்க முடியாது. நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் அதன்பின் காப்பாற்ற வழியில்லை. ஸ்டோர்ப் பூனை பகலில் உங்கள் அடுப்படியில் படுத்திருக்கும். ராத்திரி அது எங்கே போகிறது, எந்த நாயோடும் கீரியோடும் சண்டை போட்டது என்று யாருக்குத் தெரியும்? காட்டோரத்துத் தோட்டம் வேறு. பூனை எப்போதும் தன் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிற பிராணி. எச்சில் நகத்தில் இருக்கும். கடிக்கவில்லை, கீறினதுதான் என்ற ஆறுதல் அதனால்தான் செல்லாது.

காயத்தை மருத்துவத்தில் மூன்று வகையாகப் பிரிப்போம். தோலில் கீறலே இல்லாமல் சும்மா தொட்டது, நல்ல தோலை நக்கினது முதல் வகை. அதற்குக் கழுவினால் போதும், ஊசி வேண்டாம். ரத்தம் வராத லேசான கீறல் இரண்டாவது வகை. உங்கள் புறங்கைக் கோடு அது. அதற்குத் தடுப்பூசி வேண்டும். தோல் கிழிந்து ரத்தம் வந்த கீறல், கடி, ஏற்கெனவே உள்ள புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டது எல்லாம் மூன்றாவது வகை. ஒரு சொட்டு ரத்தமானாலும் மகளுடைய கீறல் இந்த வகையில்தான் வரும். அதற்குத் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றியும் உள்ளேயும் எதிர்ப்பு மருந்தைச் செலுத்த வேண்டும். தடுப்பூசி போட்டதும் உடம்பு தானே எதிர்ப்பைத் தயாரிக்க ஒன்றிரண்டு வாரமாகும். அந்த இடைவெளியில் கிருமியை அந்த இடத்திலேயே தடுத்து நிறுத்துவது இந்த மருந்துதான். முதல் தடுப்பூசி போட்ட நாளிலிருந்து ஏழு நாளுக்குள் இதைப் போட்டுவிட வேண்டும். சின்ன ஆஸ்பத்திரியில் கையிருப்பு இல்லையென்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவார்கள். அந்தச் சீட்டை வாங்கி மடித்து வைத்துவிடாதீர்கள், அன்றைக்கே போங்கள்.

டி.டி. பற்றி ஒரு பெரிய குழப்பம் ஊரெங்கும் இருக்கிறது. எத்தனையோ பேர் என்னிடம் ‘ஊசி போட்டாச்சு டாக்டர்’ என்பார்கள். விசாரித்தால் மெடிக்கலில் டி.டி. மட்டும் போட்டிருப்பார்கள். டி.டி. ரண ஜன்னி (டெட்டனஸ்) வராமல் காக்கும். வெறிநோய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் மகளுக்கு ஐந்து வயதில் போடும் தடுப்பூசி போட்டிருப்பதாகச் சொன்னீர்கள், அதனால் இப்போதைக்கு அவளுக்கு டி.டி. தேவைப்படாது. உங்களுக்குக் கடைசியாகப் போட்டது பிரசவத்தின்போது என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், தேவையா என்று பார்த்துப் போடுவார்.

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போடுவார்களே என்று அத்தை பயந்தாராம். அது பழைய மருந்து. 2005-க்குப் பிறகு நம் நாட்டில் அதைப் போடுவதில்லை. அதற்கும் முந்திய தலைமுறையில் வெறிநாய் கடித்தவர்கள், 1907-ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கு ரயிலேறிப் போய்த் தங்கி ஊசி போட்டுக்கொண்டு வந்தார்கள். இன்றைக்கு மலைக்கு மேலேயும் கீழேயும் அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடுகிறார்கள். இரண்டு தோள்பட்டையிலும் தோலுக்குள் 0.1 மில்லி வீதம், சிறு கொப்புளம் எழும்புகிற அளவு. அவ்வளவுதான்.

முதல் ஊசி போட்ட நாளைச் சுழியாக வைத்து 3, 7, 28-ம் நாள் என்று கணக்கு. கீறின நாளிலிருந்து எண்ணக் கூடாது. உங்களுக்கு முதல் ஊசி வியாழன். அடுத்தது ஞாயிறு, அதற்கடுத்தது மறு வியாழன். கடைசி ஊசி, முதல் ஊசியிலிருந்து நாலு வாரம் கழித்து வரும் வியாழன். ஞாயிற்றுக்கிழமை ஓ.பி. இருக்காது, அவசரப் பிரிவில் போடுவார்களா என்று முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லையோரத்துக் குடும்பங்களிடம் நான் அடிக்கடி பார்க்கிற தவறு இங்கேதான் நடக்கிறது. முதல் ஊசி கம்பத்தில் போட்டிருப்பார்கள். மூணாம் நாள் தோட்டத்தில் வேலை, கீழே இறங்க முடியவில்லை. ‘இங்கே வேற ஸ்டேட், கேட்டால் முதலிலிருந்து போடுவார்கள்’ என்று யாரோ சொல்ல, ஊசியே விட்டுப்போகும். அப்படி இல்லை. கேரளத்து அரசு மருத்துவமனையிலும் இதே முறை, இதே நாள் கணக்குத்தான். கூடலூரில் தந்த ஊசி அட்டையைக் குமுளியில் காட்டினால் அடுத்த ஊசியைத் தொடரலாம். வெறிநோயை அங்கே மலையாளத்தில் ‘பேவிஷபாதை’ என்றால் உடனே புரிந்துகொள்வார்கள். அட்டைதான் முக்கியம். அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள், செல்போனில் போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் தமிழ்நாட்டில் 104, கேரளத்தில் 1056 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம். ஒரு நாள் தவறிப்போனாலும் வீட்டில் உட்கார்ந்து கவலைப்படாமல் மறுநாளே போய்விடுங்கள்.

ஊசி போட்டிருக்கும்போது மீன், முட்டை, கோழி ஆகாது என்று பத்தியம் சொல்வார்கள். அப்படி எதுவும் கிடையாது. புண் ஆறுகிற பிள்ளைக்கு முட்டையும் பருப்பும் இன்னும் அதிகமாகத்தான் வேண்டும். கொய்யாவும் நெல்லிக்காயும் கொடுங்கள். குளிக்கலாம், பள்ளிக்கூடம் போகலாம்.

இப்போது தழும்பு. ஆழமில்லாத கீறலின் மேல்தோல் ஒரு வாரத்துக்குள் மூடிக்கொள்ளும். அந்த ஒரு வாரம் நாம் எப்படிப் பார்த்துக்கொள்கிறோம் என்பதில்தான் பாதி இருக்கிறது. நம் வீடுகளில் ‘புண்ணைக் காத்தாட விடு, பக்கு கட்டட்டும்’ என்பது வழக்கம். 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர், பன்றித் தோலில் செய்த சோதனையில் காயவிட்ட புண்ணைவிட ஈரப்பதத்தோடு மூடி வைத்த புண்ணில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகப் படர்வதைக் காட்டினார். கெட்டியான பக்குக்கு அடியில் புதுத்தோல் வழி தேடி ஊர்ந்து போக வேண்டியிருக்கிறது. ஈரமிருந்தால் நேராகப் படரும். அதற்காகத் தண்ணீரில் நனைய விடுவதில்லை. தினம் ஒரு தடவை சோப்புப் போட்டு மெல்லக் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றியெடுத்து, வாசலினை மெலிதாகத் தடவுங்கள். எல்லோரும் விரல் விடுகிற டப்பாவிலிருந்து எடுக்காமல், இவளுக்கென்று தனியாக ஒரு சின்ன டப்பா வைத்துக்கொண்டு, கழுவின கையால் எடுத்தால் நல்லது. பள்ளிக்கூடம் போகும்போது மட்டும் காஸ் துணியைத் தளர்வாகச் சுற்றுங்கள். மலைச்சாரலில் நனைந்துவிட்டால் உடனே மாற்ற வேண்டும்; ஈரக்கட்டு ஊறிப்போனால் புண் சீழ் பிடிக்கும். தேங்காயெண்ணெய், மெடிக்கலில் கிடைக்கும் புண் பவுடர் எதுவும் வேண்டாம். பவுடர் கட்டிதட்டிப் பக்காகிவிடும். பக்கு கட்டினால் பிய்க்க விடாதீர்கள். மகளுக்கு நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், தூக்கத்தில் சொறிவாள்.

நம் நிறத்துத் தோலில் கீறல் ஆறின இடம் சில மாதம் கறுத்துத்தான் தெரியும். அது தழும்பில்லை. வெயில் பட்டால் இன்னும் கறுக்கும், அதனால் முழுக்கைச் சட்டை போட்டு அனுப்புங்கள். பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் மங்கிவிடும். குடும்பத்தில் யாருக்காவது காது குத்தின இடமோ அம்மைத் தழும்போ மேடிட்டு வளர்ந்ததுண்டு என்றால் மட்டும் தோல் மருத்துவரிடம் முன்கூட்டியே காட்டுங்கள்.

உங்கள் கையையும் கவனிக்க வேண்டும். அந்தக் கோடு ஆறும்வரை மருந்தடித்த செடிப் பக்கம் வெறுங்கையோடு போகாதீர்கள். கிழிந்த தோல் வழியாகப் பூச்சிமருந்து எளிதாக உள்ளே இறங்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முடியாதென்றால் மேஸ்திரியிடம் சொல்லி ஒரு வாரம் வேறு வேலை கேளுங்கள்.

கீறலைச் சுற்றிச் சிவப்பு பரவினால், தொட்டால் சுட்டால், சீழ் வந்தால், கைமேல் சிவப்புக் கோடு ஏறினால், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். கீறலாக இல்லாமல் பூனையின் பல் பதிந்திருந்தால் இந்த அறிகுறிக்குக்கூடக் காத்திருக்கக் கூடாது. பூனைப் பல் ஊசி மாதிரி. வெளியே புள்ளியாகத் தெரியும், கிருமியை மூட்டுவரைக்கும் கொண்டுபோய் வைத்துவிடும்.

இன்னொன்று கொஞ்ச நாள் கழித்து வரலாம். கீறின இடத்தில் ஒரு வாரம் போல ஆனபின் சிவந்த சிறு பரு, பிறகு ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் அந்தப் பக்கத்து அக்குளில் நெறி கட்டி வலிக்கும். லேசான காய்ச்சலும் இருக்கலாம். இதைப் பூனைக்கீறல் காய்ச்சல் என்போம். பார்ட்டொனெல்லா என்ற கிருமியால் வருவது. பூனையின் உடம்பிலுள்ள தெள்ளுப்பூச்சியின் எச்சம் நகத்தில் ஒட்டி, கீறும்போது உள்ளே போகிறது. குட்டிப் பூனைகளிடம் இது அதிகம். பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும், நெறி வற்ற இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். ஆனாலும் மருத்துவரிடம் ‘பூனை கீறியது’ என்று சொல்ல மறக்காதீர்கள். அதைச் சொல்லாததால் நெறியைப் பார்த்து வேறு என்னென்னவோ பரிசோதனை செய்து அலைந்த குடும்பங்களை நான் அறிவேன். சர்க்கரை வியாதிக்காரர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் போன்ற எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் சின்னக் கீறலானாலும் காட்டிவிட வேண்டும்.

பூனையைச் சாக்கில் கட்டும் யோசனையை உங்கள் வீட்டுக்காரர் கைவிட்டுவிட்டதாகச் சொன்னீர்கள், நல்லது. கீறின நாளிலிருந்து பத்து நாள் அது கண்ணெதிரே இருந்தால்தான் நமக்குத் தெரியும். வெறிநோய்க் கிருமி எச்சிலில் இருக்கிற பூனை அந்தப் பத்து நாளுக்குள் நோயைக் காட்டிவிடும், செத்தும்போகும். உங்கள் கணக்கில் புதன்கிழமையோடு பத்து நாள் முடிகிறது. அன்றுவரை வேளாவேளைக்குச் சோறு வையுங்கள், தொடாதீர்கள். ஒளிந்துகொள்வது, காரணமில்லாமல் பாய்வது, வாயில் எச்சில் ஒழுகுவது, விழுங்க முடியாமல் திணறுவது தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். அது நன்றாகவே இருந்தால் வியாழக்கிழமை ஊசிக்குப் போகும்போது மருத்துவரிடம் சொல்லுங்கள். நாலாவது ஊசி வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மகளைத் திட்டாதீர்கள் என்று போனில் கேட்டுக்கொண்டேன், மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். திட்டு வாங்கின பிள்ளை அடுத்த கீறலை மறைக்கும். மறைத்த கீறலுக்கு யாராலும் ஊசி போட முடியாது. பூனை தின்னும்போதும் தூங்கும்போதும் தூக்கக் கூடாது, வாலை விசிறினால் விட்டுவிட வேண்டும், கையைக் காட்டி விளையாடாமல் கயிற்றில் ஏதாவது கட்டி ஆட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். ஏழு வயதில் புரியும்.

தெள்ளுப்பூச்சிக்குத் தோட்டத்து மருந்தைக் கரைத்துப் பூனையைக் குளிப்பாட்டாதீர்கள். அது தன்னை நக்கியே செத்துப்போகும். நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்தும் பூனைக்கு விஷம். கால்நடை மருத்துவமனையில் பூனைக்கென்று கேட்டு வாங்குங்கள். பத்து நாள் நல்லபடியாக முடிந்ததும் அதற்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள். பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை. போட்ட தேதியை மகளுடைய ஊசி அட்டையின் பின்பக்கத்திலேயே எழுதி வைத்தால், அடுத்த வருஷம் தேட வேண்டியிருக்காது.